காணாமல் போன முப்பது சதவீதம்

என் மனைவி பேராசிரியர் ஆவதற்கு என்னால் ஆன உதவியாக, நான் என்னை இருபது சதவீதமாகக் குறைத்துக்கொண்டேன். உடம்பில் அல்ல, அதைச் சொல்லிச் சொல்லி டாக்டர் ஓய்ந்துவிட்டார். காகிதத்தில். அவளிடம் கேட்காமல்தான் செய்தேன். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். வீட்டில் நல்லது செய்ய முயன்ற கணவர்களுக்கு இந்த முறை பழக்கமாகவே இருக்கும்.

நாங்கள் இருவரும் பொருளாதாரம் படித்து, அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். நான் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். அவள் செம்பூருக்கு அந்தப் பக்கம், கோவண்டி போகிற வழியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இணைப் பேராசிரியர். எனக்குப் பிறந்த ஊரும் மாட்டுங்காதான். பாலக்காட்டிலிருந்து வந்து, ஆபீசுக்கும் கோயிலுக்கும் நடுவே மூன்று தலைமுறையைக் கழித்துவிட்ட குடும்பம். அவள் வளர்ந்தது தாராவியை ஒட்டிய லேபர் கேம்ப் என்கிற பேட்டையில். அப்பா தாராவியில் தோல் பட்டறை மேஸ்திரி. வீட்டுப் பேச்சு இன்றைக்கும் அசல் திருநெல்வேலி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் கால் மணி நேர நடைதான். அந்தக் கால் மணி நேரத்தை நடக்க நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன், அதுவும் ஒரு சர்வே வேலைக்காக.

அந்தச் சர்வேயில் பட்டறை பட்டறையாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை எங்கள் இருவருக்கும். நான் தயாரித்த கேள்வித்தாளைப் படித்துவிட்டு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது: "உங்கள் தொழிலகத்தின் மூலதனக் கட்டமைப்பு யாதுன்னு கேட்டா, வெளிய போயி எடது பக்கம்னு கக்கூசுக்கு வழி சொல்லுவாவ."

அதன் பிறகு கல்யாணம், கட்டுரைகள், ஒரு பெண். கட்டுரைகள் பெரும்பாலும் தாராவித் தோல் பட்டறைகளைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லாமே இருவர் பெயரிலும் வந்தவை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் சேர்ந்து எழுதுகிறவர்களின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடுவார்கள். யார் அதிகம் உழைத்தார் என்ற சண்டைக்கே இடம் கொடுக்காத நாகரிகமான ஏற்பாடு என்று நான் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்திருக்கிறேன். என் பெயர் அந்த வரிசையில் முன்னால் வரும். அவள் பெயர் லோக்கல் ரயிலின் கடைசிப் பெட்டி. ஏற்பாட்டின் நாகரிகம் என் கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேதியியல் போன்ற துறைகளில் அப்படி இல்லை. முதல் பெயர் யாருடையதோ அவர்தான் வேலை செய்தவர். பின்னால் வருகிறவர்கள் குடுவை கழுவியவர்கள். அவளுடைய பதவி உயர்வுக் குழுவில் ஒரு வேதியியல்காரர் இருந்தார், ஒரு மேலாண்மைக்காரர் இருந்தார். கட்டுரைகளை வரிசையாகப் புரட்டியவர்கள் எல்லாவற்றின் தலையிலும் கணவன் பெயர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். "சுயமான பங்களிப்பு தெளிவாக இல்லை" என்று எழுதி, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அது முதல் தடவை.

இரண்டாம் தடவை விண்ணப்பிக்க அவளைச் சம்மதிக்க வைப்பதற்கே பெரும்பாடாகிவிட்டது. "இதுலயும் இல்லைன்னா நான் மறுபடி கேக்க மாட்டேன். கேட்டு வாங்க அது என்ன ரேசன் சக்கரையா?" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு உறவினர் வீட்டுக் காபியைப் பற்றி இப்படித்தான் ஒருமுறை சொன்னாள். இன்றுவரை அங்கே வெந்நீர்தான் குடிக்கிறாள்.

இந்தத் தடவை நிறுவனம் ஆய்வின் தாக்கத்தை அளந்து தரச் சொன்னது. எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், யார் யாரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார், அப்புறம் எச்-இண்டெக்ஸ். இந்தக் கடைசிச் சங்கதி எளிமையானது. ஒருவருடைய கட்டுரைகளில் பத்துக்குத் தலா பத்து மேற்கோளாவது இருந்தால் அவருக்குப் பத்து. பதினொன்று ஆக வேண்டுமானால் பதினொரு கட்டுரைக்குத் தலா பதினொன்று வேண்டும். ஒரு மனிதரின் ஆயுட்கால யோசனையை ஒற்றை எண்ணாக்கிவிடலாம், சர்க்கரை அளவு மாதிரி.

கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எடுத்துக்கொடுத்தாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும், இதற்கு அரை நிமிடம்.

"அம்மாவுக்கு மஸ்த் இருக்கு, சூப்பர் நம்பர்," என்றாள். "அப்பா, உன்னுதும் பாக்கட்டா? அம்மா இல்லாம?"

"அதெல்லாம் எதுக்கு?"

"பாத்துட்டேன். தனியா ஒரே ஒரு பேப்பர்தான் இருக்கு."

"எண்ணிக்கையில என்ன இருக்கு? தரம் வேணும்."

"அத ஒரே ஒருத்தங்கதான் சைட் பண்ணிருக்காங்க."

"யாரு?"

"அம்மா. ஃபுட்நோட்ல. இந்த முடிவு நிக்காதுன்னு போட்டிருக்காங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அடிக்குறிப்பு இருந்தது அவள் தனியாக எழுதிய ஒரு சில கட்டுரைகளில் ஒன்றில். அனுப்புவதற்கு முன் காற்புள்ளிகளைச் சரிபார்த்துத் தந்தவன் நான். அந்த அடிக்குறிப்பில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டுக்கொடுத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் உறுதிமொழிப் படிவம் வந்தது. சேர்ந்து எழுதியவர்கள் தத்தம் பங்கு எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதி நிறுவனத்துக்கு நேராக அனுப்ப வேண்டும். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கல்லூரி ஆசிரியர் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். குழுவுக்குச் சந்தேகம், எல்லாம் கணவன் எழுதியது என்று. அதை உடைக்க வேண்டுமானால் கணவன் கீழே இறங்க வேண்டும். ஐம்பது என்று எழுதினால் கணக்கு நிற்கும். ஆனால் மனசு நிறையாது. முப்பது? கஞ்சத்தனமாகப்பட்டது. இருபது என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அனுப்பிவிட்டு கேன்டீனுக்குப் போய் யாருக்கும் காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து நிறுவனத்து ஆபீஸிலிருந்து போன். நிதானமான மராத்திக் குரல்; அவர் பேசிய இந்தியை முடிந்தவரை தமிழில் தருகிறேன்.

"சர், ஏக் ப்ராப்ளம் ஹை. மேடம் ஃபிஃப்டி பர்சென்ட் போட்டிருக்காங்க. நீங்க ட்வெண்டி. டோட்டல் செவண்டி வருது."

"ஆமா…"

"பாக்கி தேர்ட்டி பர்சென்ட் யாரு சர்? மூணாவது ஆத்தர் உண்டா? அவரோட டிக்ளரேஷன் வரலை. ஃபைல் அதுக்காக நிக்குது."

"மூணாவது ஆள் இல்லையே."

"ஃபாரின்ல இருந்தாலும் பரவாயில்ல சர். மெயில் பண்ணச் சொல்லுங்க."

"தயவுசெஞ்சு மேடத்துக்கு இது தெரிய வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"மேடம் இங்கதான் நிக்கிறாங்க சர். பேசறீங்களா?"

பேசவில்லை. அவளும் போனைக் கையில் வாங்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கைப்பையை வைத்துவிட்டு, சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாம்பாருக்கு நேரம் ஆகவில்லை. அவள் கோபத்தில் இருக்கும்போது எதையாவது உரிப்பாள். எங்கள் வீட்டில் நல்ல சாம்பார் எல்லாம் அப்படி வந்ததுதான்.

"அந்த மூணாவது ஆளு எங்க இருக்காரு?" என்றாள்.

"ஒரு நல்ல எண்ணத்துலதான் எழுதினேன்."

"நான் பாதின்னு எழுதினேன். ஏன்னா பாதி. ஒவ்வொரு கட்டுரையா எடுத்து வெச்சு, இது யாரு யோசிச்சது, இது யாரு பாத்தது, இது யாரு எழுதினதுன்னு அளந்து எழுதினேன். நீங்க அளந்தீயளா?"

"இல்ல. ஆனா உனக்குத்தானே கூடப் போட்டேன்?"

"அதான் சொல்லுதேன். பட்டுச்சேல எடுத்துக் குடுக்க மாதிரி எம்பது பர்சென்ட் எடுத்துக் குடுத்துட்டீய. குடுக்கவன் கையிலதான அது மொதல்ல இருந்திருக்கும்னு கமிட்டிக்காரன் நெனப்பானா, மாட்டானா? பொண்டாட்டிக்குப் புருசன் தாரை வார்த்துட்டான்னு எழுதிட்டுப் போவான். போன தடவ தெளிவா இல்லைன்னான். இந்தத் தடவ தெளிவாக்கிக் குடுத்துட்டீய."

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, மாஃபி மாங்க் லே," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பதிலாக ஓர் உவமை சொன்னேன். படித்தவன் மாட்டிக்கொண்டால் செய்கிற காரியம். "நம்ம பட்டறைகளையே பாரேன். ஒருத்தர் தோல வெட்டறார், ஒருத்தர் தைக்கறார், ஒருத்தர் ஜிப் வைக்கறார். பை யாரோடதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அது நம்ம கட்டுரையிலயே இருக்கு. கடைசில என்ன முடிவு எழுதினோம்?"

எழுதிய முடிவு எனக்குத் தெரியும். எங்கள் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான். பல பட்டறைகள் சேர்ந்து ஒரு ஆர்டரை முடித்தாலும், பையில் யாருடைய லேபிள் ஒட்டப்படுகிறதோ அந்தப் பட்டறையைத் தேடித்தான் அடுத்த ஆர்டர் போகிறது. மற்றவர்கள் எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் வாங்குகிறவனுக்கு அவர்கள் இருப்பதே தெரியாது.

"லேபிள்," என்றேன்.

"அந்தக் கட்டுரையில மொதப் பேரு யாருது?"

அவள் உரித்து வைத்த வெங்காயங்களை நான் எண்ண ஆரம்பித்தேன்.

"நீங்க பேராசிரியர் ஆனீயளே, எத வெச்சு? இதே கட்டுரைகள வெச்சுத்தான். அப்ப யாராவது உங்ககிட்ட, உம்ம பொண்டாட்டி எத்தன சதவீதம்னு ஃபார்ம் குடுத்தாவளா?"

ஃபார்ம் கொடுக்கவில்லை. பொன்னாடை போட்டார்கள். அது இப்போது எங்கள் வீட்டு இஸ்திரி மேசையில் விரிந்து கிடக்கிறது.

"இத எப்பக் கவனிச்சே?" என்று கேட்டேன்.

"மொதக் கட்டுரையிலயே. அகரவரிசைன்னு சொன்னீய. அகரவரிசையோட யாரு சண்ட போட?"

லேபிளைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன இருவரில் ஒருவருக்கு அது தன் வீட்டிலும் ஒட்டியிருப்பது முதல் நாளே தெரிந்திருக்கிறது. மற்றவர் அதே ஆராய்ச்சியைப் பற்றி மாநாடு மாநாடாகப் பேசிவந்திருக்கிறார்.

சாம்பார் கொதித்தது. சாப்பிடும்போது கொஞ்சம் தணிந்திருந்தாள். நானும் உவமைகளைக் கைவிட்டிருந்தேன். திருத்தி ஐம்பது என்று அனுப்பிவிடுகிறேன், ஆனால் என் மனதறிய அது பொய் என்றேன். பட்டறைக்குப் போனது அவள், ஆட்களைப் பேச வைத்தது அவள், கணக்குப் போட்டது அவள். நான் ஆங்கிலத்தைத் துடைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

"அந்த லேபிள் கேள்வி யாரு கேட்டது?" என்றாள்.

"நீதான்."

"இல்ல. நீங்க. ஒரு நாளு தாராவிலேர்ந்து பஸ்ல வந்துட்டு இருந்தோம். இந்தப் பைய தைச்சவரு பேரு ஏன் பையில இல்லன்னு கேட்டீய. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. தைச்சவன் பேர எவனாவது போடுவானா? அது ஒண்ணுந் தெரியாதவன் கேக்க கேள்வி. நான் அந்தத் தெருவுலயே வளந்தவ. எனக்கு அது கேக்கத் தோணாது. எங்கப்பாவுக்கும் தோணாது. வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான், அட, ஏன் இல்லன்னு நெனச்சேன்."

"அது வெறும் அறியாமை."

"அதத்தான் சொல்லுதேன். ஒவ்வொரு கட்டுரையிலயும் அப்படி ஒண்ணு கெடக்கு. நீங்க கேக்க வேண்டியத கேட்டு வெப்பீய, நான் போயி என்னன்னு பாப்பேன். அதனாலதான் பாதின்னேன். சும்மா மரியாதைக்குப் போடலை. எனக்கு அப்படி எழுத வராது."

அறியாமைக்கு ஐம்பது சதவீதம் கிடைத்த பொருளாதாரக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் இதுவரை என் ஆய்வைப் பற்றி யாரும் இவ்வளவு கவனமாக எதுவும் சொன்னதில்லை என்பதும் உண்மை. இன்னொரு கரண்டி சாம்பார் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் திருத்தம் அனுப்பினேன். என் பங்கு ஐம்பது, முன்பு எழுதிய இருபது என்பது ஆய்வின் முடிவு அல்ல, கணவனின் அபிப்பிராயம், பிழைக்கு வருந்துகிறேன். ஆபீஸ்காரர் போன் செய்தார். "டோட்டல் டேலி ஆயிடுச்சு சர்," என்றார். அவருடைய மகிழ்ச்சி உண்மையானது. மூன்றாவது ஆளைத் தேடி அவர் இரண்டு மெயில் எழுதியிருந்தாராம்.

ஆனால் ஃபைலில் பழைய காகிதமும் இருந்தது. நேர்காணல் அன்று மாலை அவள் நேராக மாட்டுங்காவுக்கு வந்து, கல்லூரிக்குப் பக்கத்தில் நாங்கள் எப்போதும் போகும் டிபன் கடையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு அவள் தமிழில்தான் வந்தது.

போன தடவை இருந்த அதே வேதியியல்காரர் ஆரம்பித்தாராம். முதலில் இருபது, பிறகு ஐம்பது. உங்கள் கணவரின் பங்கு ஒரு வாரத்தில் எப்படி இவ்வளவு வளர்ந்தது?

"பங்கு வளரலை, அடக்கம் கொறஞ்சிருக்குன்னேன்."

"சிரிச்சாரா?"

"அவரு சிரிக்கல. அந்த மேலாண்மைக்காரரு சிரிச்சாரு. அவரே கேட்டாரு, புருசன் இல்லாம நீங்க என்ன செஞ்சிருப்பீங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் தனியா எழுதினத எடுத்துக் காட்டினேன். நான் இல்லாம அவரு என்ன எழுதிருக்காருன்னும் பாத்துருங்கன்னு உங்களதும் காட்டினேன்."

"என்னோடத எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்க வேண்டாமா?"

அப்படியாக என் தனிக் கட்டுரை வாழ்நாளில் இரண்டாவது முறையாக மேற்கோள் காட்டப்பட்டது. முதல் முறை காட்டியதும் அவள்தான், இரண்டாம் முறையும் அவள்தான். இரண்டு முறையும் அது தேறாது என்று காட்டத்தான்.

இந்தத் தடவை குழுவின் தலைவர் புதியவர்; வெளியூர்க்காரர், எங்கள் துறை ஆள், வயதானவர். அதுவரை கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். லேபிள் கட்டுரை வந்ததும் நிறுத்தி, "இதை நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்," என்றார். அப்புறம் முதல் பக்கத்துப் பெயர்களை இன்னொரு தடவை பார்த்தாராம். "உங்கள் கணவர் பெயரைச் சொல்லித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்," என்றார்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணுஞ் சொல்லலை. கட்டுரையோட முடிவு அவருக்குத் தெரியுமே. அவரே படிச்சவருதான."

ஏழாம் நாள் கடிதம் வந்தது. பேராசிரியர். மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். லேபர் கேம்ப்புக்குப் போன் போட்டபோது என் மாமனார், "இம்புட்டு நாளா நீ பேராசிரியர் இல்லையாட்டீ?" என்று கேட்டார். அவர் அந்தத் தெருவில் எல்லோரிடமும் எப்போதோ சொல்லிவைத்திருந்தார்.

அந்த வாரக் கடைசியில் அதே டிபன் கடை. புதிய கட்டுரை ஒன்று முடிந்திருந்தது; அவள் மடிக்கணினியில் முதல் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். பெயர்கள் போடும் இடம் காலியாக இருந்தது.

"இந்தத் தடவ உன் பேரு முன்னால…" என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சரி, குடுக்கலை," என்றேன்.

"காசு சுண்டுவோம்," என்றாள். "என்ன விழுதோ அது. பேர் வரிசை காசு சுண்டித் தீர்மானிச்சதுன்னு அடிக்குறிப்பு போட்டுருவோம். படிக்கவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

நல்ல யோசனை. காசுதான் இல்லை. என் சட்டைப்பையில் போன் இருந்தது, அவள் பையில் போன் இருந்தது. இந்த ஊரில் வடாபாவ் வண்டியில்கூடப் போனைத்தான் நீட்டுகிறோம். கல்லாவுக்குப் போய் ஒரு நாணயம் கிடைக்குமா என்றேன். கல்லாக்காரர் இருபது வருஷமாக எங்களைப் பார்க்கிற மனிதர். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பணப்பெட்டியின் மூலையிலிருந்து ஒரு இரண்டு ரூபாயைத் தேடி எடுத்துத் தந்து, தானும் கூடவே வந்து மேசையருகே நின்றார்.

தலை என்றால் அவள். சுண்டியது அவள். நாணயம் சட்னிக் கிண்ணத்தில் மோதி, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் விழுந்தது. மூவரும் குனிந்தோம். பூ.

"சட்னில பட்டுடுத்து. இன்னொரு தடவ போடலாம்," என்றேன்.

"எதுக்கு? விழுந்தது விழுந்ததுதான்."

"மூணுல ரெண்டுன்னு வெச்சுண்டா…"

"சும்மா இரிங்க," என்று சொல்லி, என் பெயரை முன்னால் தட்டினாள், தன் பெயரைப் பின்னால். கீழே அடிக்குறிப்பு. அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, கணினியை என் பக்கம் திருப்பினாள். காற்புள்ளி சரியாக இருந்தது.

"இப்ப சரி," என்று அனுப்பினாள். அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. என் தட்டில் இருந்த பாதி வடையை எடுத்துச் சாப்பிட்டாள்.

கல்லாக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "காயின் வாபஸ், சர்," என்று கையை நீட்டினார்.